கடனுக்குப் போன கீப்பர்

அத்தியாயம் 11

புதன்கிழமை வந்த ஒரு போன், டீச்சரின் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டது.

பெரிய கால்பந்து கிளப்பின் இரண்டாவது கோல்கீப்பருக்குப் பயிற்சியில் விரல் முறிந்துவிட்டதாம். அவசரமாக ஓர் ஆள் தேவை. வேறு ஊர் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்திருக்கும் சின்னவனைப் பாதியிலேயே திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு மேடம் நேரில் வருவார். பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? என் பிள்ளை வீட்டுக்கு வர்றான், அவ்வளவுதான்!" என்ற டீச்சர், போனை வைத்த கையோடு அவன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கூரையில் 'பயிற்சி' என்ற பலகையோடு தெருத்தெருவாக ஊர்ந்துபோகும் அந்த வெள்ளைக் கார் அவளுடையது. அதில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷத்தில் அவள் கால் அந்த பிரேக்கை மறந்ததே இல்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்கூட அது எதையாவது அழுத்திக்கொண்டுதான் இருக்கும்.

சின்னவன் என்றால் ஆளும் சின்னவன் இல்லை. பத்தொன்பது வயது, கதவு நிலையில் குனிந்துதான் வருவான். ஓர் அக்காவுக்குப் பிறகு பிறந்ததால் சின்னவன். பையனாக இருக்கும்போதே அவன் பாய்ந்து பந்தைப் பிடிக்கிற அழகைப் பார்த்துப் பெரிய கிளப் அவனைக் கொத்திக்கொண்டு போனது. ஆனால் போன வருஷம் தலைமைக் கோச் டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள்.

"கை இருக்கு, கால் இருக்கு, கண்ணு கழுகுக் கண்ணு. வாய்தான் இல்லை. கீப்பர்ங்கிறவன் பின்னாடி நின்னு முன்னாடி இருக்கிறவங்களை மேய்க்கணும்மா. உங்க பையன் கம்பத்தோட கம்பமா நிக்கிறான்."

அதனால்தான் இந்தக் கடன். கீழ்ப் பிரிவில் தத்தளிக்கும் ஒரு சின்ன கிளப்பில், வயிற்றுப்பாட்டுக்காக ஆடுகிற ஆட்களுக்குப் பின்னால் ஒரு சீசன் நிற்கட்டும், வாய் தானாகத் திறக்கும் என்று அனுப்பிவைத்தார்கள். "பிள்ளையைக் கடனுக்குக் கொடுத்திருக்கீங்களாமே, வட்டியோட திரும்பி வருவானா?" என்று கேட்ட பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரோடு டீச்சர் இன்னும் பேசுவதில்லை.

அந்த வாயில்லாத குணம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். அப்பாவும் பிள்ளையும் போனில் பேசினால் கடலின் இரைச்சல் மட்டும் தெளிவாகக் கேட்கும். முடி வெட்டுகிறவரிடம் "காதோரம் குறைங்க" என்று சொல்வது முதல் டாக்டரிடம் "ராத்திரி பூரா இருமினான்" என்பது வரை சின்னவனுக்காகப் பேசியதெல்லாம் டீச்சர்தான். அவளுக்கு அது பாரமாக இருந்ததே இல்லை. இரண்டு பேருக்கான பேச்சு அவளிடம் எப்போதும் கைவசம் இருந்தது.

சனிக்கிழமை காலையில் தள்ளிப்போட முடியாத வகுப்பு ஒன்று பாக்கி இருந்தது. மாணவர் ஒரு பல் டாக்டர். முன்னால் போகச் சொன்னால் தேர்போலப் போவார். பின்னால் எடுக்கச் சொன்னால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"டாக்டர், கண்ணைத் திறங்க. உங்க நாற்காலியில நான் கண்ணை மூடிக்கிட்டா யாருக்கும் நஷ்டமில்லை. என் கார்ல நீங்க மூடிக்கிட்டா அந்தச் சுவருக்கு நஷ்டம்."

"இன்னைக்கு ஏன் டீச்சர் இவ்வளவு அவசரம்?"

"என் பையனைக் கூட்டிட்டு வரப் போறேன். ஸ்டியரிங்கை நல்லா ஒடிங்க. இன்னும் ஒடிங்க. பிரேக்! பிரேக்!"

டாக்டரை இறக்கிவிட்டதும் டிக்கியிலிருந்த பயிற்சிக் கூம்புகளையெல்லாம் எடுத்து வீட்டு வாசலில் அடுக்கினாள். சின்னவனின் பெட்டி, படுக்கை, கையுறைப் பை எல்லாம் அதில் வர வேண்டும். அதற்குள் தம்பி வந்து சேர்ந்தான். சின்னவனுக்கு மாமா, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது.

"எதுக்குடா இது?"

"நம்ம பையன் பேசுறானா இல்லையான்னு தூரத்திலிருந்தே உதட்டைப் பார்த்துக்கலாம்ல?"

"வாயை மூடிட்டு ஏறு."

"அக்கா, நாம வர்றது அவனுக்குத் தெரியுமா?"

"சொன்னா 'வேணாம்மா'ன்னுவான். அவன் பேசுறதே அந்த ஒரு வார்த்தை. அதை எதுக்கு வீணடிக்கணும்?"

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாலம் ஒன்றில் லாரி குறுக்கே நின்று, வண்டிகளெல்லாம் தேங்கிக்கிடந்தன. அந்த ஊரை அடைந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. டயர் கிடங்கு ஒன்றின் பின்னால் காரை நிறுத்திவிட்டு, மைதானத்தின் நீளமான மதிலை ஒட்டி, சேற்றைத் தாண்டித் தாண்டி இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏறு! ஏறு! எல்லாரும் முன்னாடி ஏறு! டேய் ஏழாம் நம்பர், உன்னைத்தான், தூங்குறியா? உன் முதுகுக்குப் பின்னாடி ஆள்!"

கரகரவென்ற, மதிலையே அறைகிற குரல்.

டீச்சர் முகத்தைச் சுளித்தாள். "யாருடா இது, இப்படிக் கத்துறான்? பெரியவங்க சின்னவங்க வித்தியாசம் கிடையாதா? வீட்டுல என்ன வளர்த்தாங்களோ!"

"விளையாட்டுன்னா அப்படித்தான்க்கா. நீ ஸ்டியரிங் பக்கத்துல உட்கார்ந்தா இதைவிட மோசமாக் கத்துவே."

"நான் கத்துறது உயிரைக் காப்பாத்த."

சீட்டு வாங்கி, தகரக்கூரை போட்ட ஒரே ஒரு பார்வையாளர் மாடத்துக்குள் நுழைந்து, ஈரப் பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்து உட்கார்ந்தார்கள். டீச்சர் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். இடது பக்கக் கோலில் மஞ்சள் சட்டை போட்ட நெட்டைக் கீப்பர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான்.

"கேப்டன்! இடது பக்கம்! இடது! ஆ, அங்கேயே நில்லுங்க!"

அதே கரகரப்பு. மதிலுக்கு வெளியே கேட்ட அதே குரல்.

மாமா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்தான். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தான். "அக்கா," என்றான் மெதுவாக. "வீட்டுல என்ன வளர்த்தாங்களோன்னு கேட்டியே..."

தலை நரைத்தவர்கள், மீசை வைத்தவர்கள், அவனைவிட இரண்டு மடங்கு அகலமானவர்கள், எல்லோரும் அவள் பிள்ளையின் வார்த்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கண்ணால்தான் காட்டுவான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தபால்காரர். வேலை முடிந்து சீருடையோடே வந்திருந்தார். டீச்சர் இமைக்காமல் பார்ப்பதைக் கவனித்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "எங்க பையன்."

"எது, உங்க பையனா?"

"எங்க கீப்பர். வந்த புதுசுல பேச்சே கிடையாது. அடிச்சாலும் சத்தம் வராது. கேப்டன்தான் 'பூனை'ன்னு பேர் வச்சார். தினமும் பயிற்சி முடிஞ்சதும் அவனை அந்தக் கோல்ல நிறுத்திட்டு, இவர் இந்தக் கோல்ல நின்னுப்பார். இங்கேர்ந்து அங்கே கேட்கிற மாதிரி அவன் தன் பேரைச் சொல்லணும். கேட்கலைன்னா வீட்டுக்குப் போகக் கூடாது. முதல் வாரம் இருட்டுற வரைக்கும் நின்னாங்க ரெண்டு பேரும். நான் தபால் போடப் போறப்போ பார்ப்பேன், பரிதாபமா இருக்கும்."

'கடன் வாங்கின பொருளுக்கு இவ்வளவு சொந்தமா' என்று டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முதுகு தன்னாலே நிமிர்ந்தது. "அவன் என் பையன்," என்றாள்.

தபால்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து பின் வரிசைக்குத் திரும்பி, "ஏப்பா, பூனையோட அம்மா வந்திருக்காங்க!" என்று அறிவித்தார். பின் வரிசையிலிருந்து ஒரு டீ வந்தது. ஒரு பிஸ்கட் பொட்டலம் வந்தது. யாரோ அவள் உட்கார ஒரு துண்டை மடித்துப் போட்டார்கள். மாமாவுக்கும் ஒரு டீ கிடைத்தது. தான் யார் என்பதை அவன் கேட்காதவர்களுக்கும் சொல்லத் தொடங்கினான்.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான் தாங்கியது.

எதிரணிக்காரன் ஓரத்திலிருந்து பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டான். "கீப்பர்!" என்று கத்திக்கொண்டு சின்னவன் வெளியே வந்தான். அவன் கத்தியதால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கைக்கு வந்த பந்து மழையில் ஊறிய கையுறையில் வழுக்கிக் கீழே விழுந்தது. காத்துக்கொண்டிருந்தவன் காலால் லேசாகத் தட்டினான். கோல்.

டீச்சரின் கால் பெஞ்சுக்கடியில் சிமென்ட் தரையை ஓங்கி அழுத்தியது. இல்லாத பிரேக்.

"போச்சு," என்றாள். "போச்சுடா."

அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு போட்டியில் இப்படித்தான் ஒன்று நழுவியது. அதற்குப் பிறகு பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. வரிசையாக மூன்று உள்ளே போயின. வீட்டுக்கு வந்து போர்வைக்குள் சுருண்டவனை எழுப்பி உட்காரவைக்க ஒரு வாரம் ஆனது. இப்போதும் அந்தத் தலை தொங்கப்போகிறது. இத்தனை பேர் முன்னால், பெரிய கிளப்பின் மேடம் எங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்.

சின்னவன் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தான். அதை நடு மைதானத்துக்கு உதைத்தான். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் படபடவென்று தட்டினான்.

"என் தப்பு! என் தப்புதான்! விடுங்க! அடுத்ததைப் பாருங்க! ஏறு, ஏறு!"

வழுக்கைத் தலையும் முழங்காலில் கட்டுமாக ஓடிக்கொண்டிருந்த கேப்டன், திரும்பிப் பார்த்து ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்து வந்த உயரப் பந்துக்கும் சின்னவன் தயங்கவில்லை. "கீப்பர்!" மறுபடியும் அதே சத்தம். ஆறேழு உடம்புகளுக்கு நடுவே எம்பி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேற்றில் குப்புற விழுந்தான். மாடம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. டீச்சர் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"அக்கா, அழுறியா?"

"மழைடா."

"கூரைக்குக் கீழேயா?"

"ஆட்டத்தைப் பாரு."

இடைவேளைக்குப் பிறகு கேப்டன் ஒரு பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தார். இந்த கிளப் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. தோற்றால் இன்னும் ஒரு பிரிவு கீழே இறங்கும் அபாயம். ஒரு புள்ளி கிடைத்தாலும் பிழைத்துக் கிடக்கலாம். ஆகவே எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டம் முடியப்போகிற வேளையில், கோலுக்குக் கிட்டத்திலேயே எதிரணிக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது.

பந்தை மறித்து ஐந்து பேர் சுவர்போல வரிசையாக நின்றார்கள். சின்னவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி அளந்தான்.

"வலது! இன்னும் ஒரு அடி வலது! கேப்டன், உங்களைத்தான்! இன்னும்! போதும்! யாரும் அசையக் கூடாது!"

கேப்டன் ஓர் அடி நகர்ந்தார். விசில். உதைத்தவன் பலத்தையெல்லாம் சேர்த்து உதைத்தான். பந்து சீறிக்கொண்டு வந்து, சரியாகக் கேப்டனின் வழுக்கைத் தலையில் மோதி, கிடங்கின் கூரைக்கு மேல் எகிறிப் போய்விட்டது. கேப்டன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னவன் ஓடிவந்து அவர் தலையில் முத்தம் கொடுத்தான்.

"நல்லவேளை, கேப்டன் தலை காப்பாத்துச்சு," என்று பெருமூச்சு விட்டான் மாமா.

"கண்ணாடிக்கடை வச்சிருக்கே, கண்ணு தெரியலையா உனக்கு?" டீச்சர் இப்போது எழுந்து நின்றிருந்தாள். "அந்தத் தலையை அங்கே கொண்டுவந்து வச்சது யாருடா? பந்தைத் தொடாமலே தடுத்திருக்கான் என் பிள்ளை. வாயாலேயே தடுத்திருக்கான்!"

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது. தபால்காரர் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு நடைபாதை. ஒரு பக்கம் பெரிய சலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மறுபக்கம் பூட்ஸுகளைக் கழுவும் குழாய். சேற்றுக் கோலத்தில் வெளியே வந்த சின்னவன் அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றான்.

"நீ எப்போம்மா வந்தே?"

"தொண்டை என்னடா இப்படிக் கட்டியிருக்கு?"

"சனிக்கிழமைன்னா இப்படித்தான். செவ்வாய்க்கிழமைக்குள்ள சரியாயிடும்." சிரித்தான். "அந்த முதல் கோலைப் பார்த்துட்டியா?"

"எந்தக் கோல்? நான் லேட்டு," என்று டீச்சர் கூசாமல் பொய் சொன்னாள்.

அப்போதுதான் மழைக்கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். பெரிய கிளப்பிலிருந்து கடனுக்குப் போகும் பிள்ளைகளையெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவருவது அவர் வேலை. எதிர்பார்த்த மேடம் அவர்தான்.

"நல்லா நின்னே," என்றார் சின்னவனிடம். "அந்த நழுவல் மோசம். அதுக்கப்புறம் நீ நடந்துக்கிட்டது அதைவிட ரொம்பப் பெரிசு. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன். நாளைக்கே கிளம்பி வந்துடு. பெரிய அணியில ரெண்டாவது கீப்பர்."

மாமா டிக்கியைத் திறக்க அப்போதே சாவியைக் கேட்டுக் கையை நீட்டினான்.

சின்னவன் கையுறைகளைக் கழற்றி, தண்ணீர் சொட்டச் சொட்டப் பிழிந்தான்.

"அங்கே வந்தா நான் ஆடுவேனா மேடம்?"

"முதல் கீப்பருக்கு ஏதாவது ஆனா ஆடுவே."

"அதுவரைக்கும்?"

"பெஞ்ச். ஆனா பெரிய கிளப்போட பெஞ்ச்."

"அப்படின்னா நான் சீசன் முடியற வரைக்கும் இங்கேயே இருக்கேன் மேடம்."



"டேய்!" என்றாள் டீச்சர்.

மேடம் அவளைக் கையமர்த்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலை இருந்தது. "உனக்கு நேரா சொல்லிடறேன் தம்பி. நீ வரலைன்னா திங்கட்கிழமையே வேற ஒருத்தனை எடுப்பாங்க. அவன் நல்லா நின்னுட்டா அடுத்த சீசன்ல உனக்கு இடம் இருக்குமான்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. இந்த மாதிரிக் கதவு அடிக்கடி திறக்காது."

"புரியுது மேடம்."

"அப்புறம்?"

சின்னவன் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான். பழைய சின்னவன் என்றால் அந்தத் தரையிலேயே கரைந்துபோயிருப்பான். டீச்சரின் உதடு அவனுக்காகப் பேசத் துடித்தது. அதற்குள் அவன் நிமிர்ந்துவிட்டான்.

"பெஞ்ச்ல உட்கார்ந்தா கை மறக்காது மேடம். வாய் மறந்துடும். இப்போதான் வந்திருக்கு. இன்னைக்கு அந்தப் பந்து நழுவினப்போ உள்ளுக்குள்ள எனக்கு அழுகைதான் வந்துச்சு. ஆனாலும் கத்தினேன். நாலஞ்சு தடவை இன்னும் இப்படி நழுவணும், தப்பு நடக்கணும், அதுக்கப்புறமும் நான் கத்தணும். அது இங்கேதான் நடக்கும். அதோட..." உள்ளே கேப்டனின் சிரிப்புச் சத்தம் கேட்ட பக்கம் கையைக் காட்டினான். "இவங்க என்னை நம்பி நகர்றாங்க. பாதியில விட்டுட்டு வந்தா, அங்கே யாரை எந்த மூஞ்சியோட நகரச் சொல்வேன்?"

அவன் பிறந்ததிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை பேசி டீச்சர் கேட்டதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவள் ஆசைக்கு எதிராகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூடத் தள்ள முடியவில்லை அவளால்.

மேடம் தன் போனை எடுத்தார். "இதை நான் தலைமைக் கோச்கிட்ட சொன்னா எடுபடாது. நீயே சொல்றியா? இப்போவே?" என்று எண்ணைப் போட்டு போனை நீட்டினார்.

டீச்சரின் கை தானாக முன்னால் போனது. நான் பேசுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கால் கட்டைவிரல் செருப்புக்குள் அழுந்தியது. கையைப் பின்னுக்கு இழுத்து, முதுகுக்குப் பின்னால் மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவன் போனை வாங்கிக்கொண்டு மழைத் தூறலில் மைதானத்துக்குள் நடந்தான்.

"நீ ஏன்க்கா தடுக்கலை?" என்றான் மாமா கலவரமாக. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். மெத்தையைக் காயப்போட்டே. கைக்கு வந்ததை வேணாம்ங்கிறான்!"

"கார் கத்துக்கிட்டுப் போனவங்க யாரும் வாழ்நாள் பூரா என்னைப் பக்கத்துல உட்காரவச்சு ஓட்டினதில்லைடா."

"அது கார்."

"பேசாம இரு. அவன் பேசுறான், பாரு."

தூரத்தில் சின்னவன் பெனால்டி கட்டத்துக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. கை மட்டும் அசைந்தது. ஆட்களை நிறுத்துகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றில் அசைந்தது. மாமா பைனாகுலரை எடுத்தான். டீச்சர் அதைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"என்னடா சொன்னார்?"

"நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தார். அப்புறம், 'இவ்வளவு நாளா இந்தக் குரலை எங்கேடா ஒளிச்சு வச்சிருந்தே?'ன்னு கேட்டார்."

மாமா "சபாஷ்!" என்று கத்தியேவிட்டான்.

"இருந்துக்கோன்னுட்டார். ஆனா..." சின்னவன் மேடத்தைப் பார்த்தான். "எல்லாப் பிரிவும் சேர்ந்து ஆடுற கோப்பைக்கான அடுத்த சுற்றுக்கு மத்தியானம் குலுக்கல் போட்டாங்களாம். இந்த கிளப்புக்கு எதிரா வந்திருக்கிறது எங்க பெரிய கிளப். கடனுக்குப் போனவன் சொந்த கிளப்புக்கு எதிரா ஆடக் கூடாதுல்ல? அவங்களா அனுமதிச்சா ஆடலாமாம். அனுமதிக்கிறேன்னு சொல்லிட்டார். 'என் ஆளுங்களை நிறுத்திக் காட்டு. அப்புறம் உன் இடத்தைப் பத்திப் பேசலாம்'ங்கிறார்."

டீச்சர் அவன் ஈரத் தலையைப் பிடித்துக் குனியவைத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். அவனும் குனிந்து கொடுத்தான்.

"பயமா இருக்காடா?"

"இருக்கும்மா," என்றான் சின்னவன், அந்த நடைபாதைக்கே கேட்கிற மாதிரி. "ரொம்ப!"

எத்தனை வருஷம், போர்வைக்குள் சுருண்டு கிடந்தவனின் முதுகைப் பார்த்தே அந்த பயத்தை அவள் ஊகிக்க வேண்டியிருந்தது! இப்போது அவனே சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். டீச்சருக்கு அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு எந்தக் கோப்பையும் வேண்டியிருக்கவில்லை.

"பூனை! தண்ணி ஆறுது, வாடா!" என்று குரல் கொடுத்துக்கொண்டு கேப்டன் வெளியே வந்தார். நெற்றியில் பந்தின் தையல் பதிந்து சிவந்திருந்தது. டீச்சருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, சின்னவனின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மழைக்கோட்டை மெதுவாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம்? நல்ல விஷயம்தானே?" என்று கேட்டாள் டீச்சர்.

"நல்ல விஷயம்தான். உங்க பையன் இன்னைக்குப் பேசின மாதிரி பேசி நான் யாரையும் பார்த்ததில்லை. அதுல சந்தேகமே இல்லை." கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஆனா அந்த கோச் இந்த அனுமதியை இதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தருக்குத்தான் கொடுத்திருக்கார். பல வருஷம் முன்னாடி. அந்த ஒரு மேட்ச்சுக்கு அப்புறம் அந்த ஆள் எங்க கிளப் வாசலை மிதிக்கவே இல்லை."

"யார் அது? இப்போ எங்கே இருக்கார்?"

மேடம் பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளே, ஆவி பறக்கும் வெளிச்சத்தில், கேப்டன் குனிந்து தன் முழங்கால் கட்டைப் பிரித்துக்கொண்டே சின்னவன் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.